கன்னத்துத் திருஷ்டிப் பொட்டும் கண்ணாடிச் சோதனையும்

ஒரு குழந்தைக்குத் 'தான்' என்ற உணர்வு வந்துவிட்டதா என்று அறிய உளவியலாளர்கள் அரை நூற்றாண்டாகச் செய்துவரும் சோதனை மிக எளிமையானது. குழந்தைக்குத் தெரியாமல் அதன் மூக்கிலோ கன்னத்திலோ ஒரு சாயப்புள்ளி வைக்கிறார்கள். பிறகு கண்ணாடி முன் நிறுத்துகிறார்கள். கண்ணாடியில் புள்ளியைக் கண்டதும் குழந்தை தன் முகத்தையே தொட்டுப் பார்த்தால், எதிரே தெரிவது தான்தான் என்பது அதற்குப் புரிந்துவிட்டது என்று கொள்கிறார்கள்.

இந்தச் சோதனையைக் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ நடத்தப் புறப்படுகிறவருக்கு முதல் நாளே ஒரு சிக்கல் காத்திருக்கும். காவிரிக் கழிமுகத்துக் குழந்தையின் கன்னத்தில் ஏற்கெனவே ஒரு புள்ளி இருக்கிறது. காலையில் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, பவுடர் போட்டு, நெற்றியிலும் கன்னத்திலும் உள்ளங்காலிலும் கண்மையால் பொட்டு வைத்த பிறகுதான் குழந்தையை வாசல் பக்கம் தூக்கிவருவார்கள். அந்த மையை அது தொட்டால் 'அழிக்காதே' என்று கையைத் தட்டிவிடவும் செய்வார்கள். தினமும் இப்படி வளர்கிற குழந்தை, கன்னத்தில் இன்னொரு புள்ளியைக் கண்ணாடியில் கண்டு சும்மா நின்றால், அதற்குத் தன்னைத் தெரியவில்லை என்று எழுதிவிட முடியுமா?

இது வேடிக்கைக்குச் சொல்வது அல்ல. தன்னுணர்வு எப்படி முளைக்கிறது என்ற கேள்வியில் நாம் எங்கே பார்க்கிறோம் என்பதே பாதி விடையைத் தீர்மானித்துவிடுகிறது. கண்ணாடி ஒரு நல்ல சாளரம்தான். அது மட்டுமே சாளரம் என்று எண்ணியதால் விளைந்த குழப்பங்கள் பல.

சோதனையின் பிறப்பைப் பார்த்துவிடலாம். 1970-இல் அமெரிக்க உளவியலாளர் கார்டன் கேலப், சில நாள்கள் கண்ணாடியோடு பழகவிட்ட சிம்பன்சிகளை மயக்கமுறச் செய்து, புருவத்திலும் காதிலும் சிவப்புச் சாயம் தடவினார். விழித்தெழுந்த சிம்பன்சிகள் கண்ணாடியைப் பார்த்துத் தங்கள் புருவத்தைத் தடவின. ஏறத்தாழ அதே காலத்தில், தனியாகவே, பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற ஆய்வாளர் குழந்தைகளின் மூக்கில் சாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 3 மாதம் முதல் 24 மாதம் வரையிலான 88 குழந்தைகளைக் கவனித்து 1972-இல் முடிவுகளை வெளியிட்டார். ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை குழந்தைக்குக் கண்ணாடியில் தெரிவது ஒரு விளையாட்டுத் தோழன். சிரிக்கிறது, தட்டுகிறது, முத்தமிடுகிறது. இரண்டாம் ஆண்டில் அந்த உற்சாகம் வடிந்துவிடுகிறது. குழந்தை பின்வாங்குகிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, நாணுகிறது. 20 முதல் 24 மாதக் குழந்தைகளில் 65 சதவீதம் பேர் கண்ணாடியில் இருப்பது தாம்தாம் என்று காட்டினார்கள்.

இவர்களுக்கு நெடுங்காலம் முன்பே சார்லஸ் டார்வின் தன் மூத்த மகனைக் கண்ணாடி முன் பிடித்துக் குறிப்பெடுத்திருக்கிறார். 1839-இல் பிறந்த அந்தப் பிள்ளையைப் பற்றிய குறிப்புகளை 1877-இல்தான் அச்சிட்டார். நாலரை மாதத்தில் பிள்ளை கண்ணாடியிலிருந்த அப்பாவின் உருவத்தைப் பார்த்துச் சிரித்தான். குரல் மட்டும் பின்னாலிருந்து வந்ததில் வியந்தான். ஒன்பது மாதம் நிறையச் சில நாள்கள் இருந்தபோது, பெயர் சொல்லி அழைத்தால் கண்ணாடிப் பக்கம் திரும்பினான். சாயப்புள்ளியெல்லாம் இல்லாமல், தந்தையாக உட்கார்ந்து பார்த்தவருக்கே தெரிந்துவிட்டது: இது ஒரே நாளில் விளக்கு எரிந்தாற்போல் வருவதில்லை, படிப்படியாக வருகிறது.

திருஷ்டிப் பொட்டுக்குத் திரும்புவோம். புள்ளியைத் தொடாத குழந்தைக்குத் தன்னைத் தெரியவில்லை என்று முடிவுகட்டுவதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, தெரிந்தும் அக்கறையில்லாமல் இருக்கலாம். முகத்தில் அழுக்கு இருந்தால் துடைக்க வேண்டும் என்ற எண்ணமே வராத பருவம் அது. சோதனைக்கு முன்னால் ஒரு பொம்மையின் முகத்துப் புள்ளியைத் துடைத்துக் காட்டி, இப்படிச் செய்ய வேண்டும் என்று உணர்த்தினால் தேறுகிறவர்கள் கூடுகிறார்கள் என்பதை ஜெர்மன் உளவியலாளர் யென்ஸ் ஆசென்டார்ப்பும் உடனிருந்தவர்களும் 1990-களில் காட்டினார்கள். மற்றது இன்னும் சுவையானது. 2012-இல் பிலிப் ரோஷாவும் குழுவினரும் சோதனையைச் சற்றே மாற்றினார்கள். குழந்தையின் நெற்றியில் மட்டுமல்ல, அந்த அறையில் இருந்த அம்மா, ஆய்வாளர் எல்லோருடைய நெற்றியிலும் அதே ஒட்டுத்தாள். அப்போது பிள்ளைகள் தம் நெற்றியிலிருந்து அதை எடுக்கத் தயங்குவது கூடியது. எடுத்ததைத் திரும்ப ஒட்டிக்கொள்வதும் நடந்தது. கண்ணாடியைப் பார்க்கும் குழந்தை 'இது நான்' என்பதோடு நிற்பதில்லை. 'இங்கே எல்லோரும் எப்படி இருக்கிறார்கள், நான் எப்படி இருக்கிறேன்' என்றும் பார்க்கிறது.

ஒட்டுத்தாளுக்குப் பதில் குங்குமம், விபூதி, சந்தனம், சாந்துப்பொட்டு என்று வைத்துப் பாருங்கள். நம் ஊர்ப் பக்கத்து வீடுகள் பலவற்றில் ரோஷாவின் மாற்றியமைத்த சோதனை நாள்தோறும் நடந்துகொண்டே இருக்கிறது. அப்பாவின் நெற்றியில் மூன்று கோடு, அம்மாவின் வகிட்டில் சிவப்பு, அத்தையின் நெற்றியில் ஒட்டுப்பொட்டு. குளிக்கும்போது கழற்றிய ஒட்டுப்பொட்டுகள் குளியலறைச் சுவரிலும் பீரோக் கண்ணாடியிலும் வரிசையாக ஒட்டியிருக்கும். தவழ்கிற குழந்தை அதைப் பிய்த்துத் தன் நெற்றியில் வைத்துக்கொள்ளப் பார்க்கும். பெரும்பாலும் மூக்கிலோ இமையிலோ ஒட்டிக்கொள்ளும். அம்மாவின் நெற்றியில் எங்கே இருக்கிறதோ அதற்கு இணையான இடம் தன் முகத்தில் எது என்று அது தேடுகிறது. சாயப்புள்ளிச் சோதனையின் அதே கணக்குதான். சோதனையில் குழந்தை தொட்டு அழிக்கிறதா என்று பார்க்கிறோம், இங்கே அது வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் கூடுதலாக நம்புவேன்.

இன்னும் கடுமையான எடுத்துக்காட்டு கென்யாவிலிருந்து வந்தது. 2011-இல் தான்யா ப்ரோஷும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், அங்கே 18 மாதம் முதல் ஆறு வயது வரையிலான 82 குழந்தைகளில் இரண்டே பேர்தான் புள்ளியைத் தொட்டார்கள். மற்றவர்கள் கண்ணாடி முன் உறைந்து நின்றார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தன்னைத் தெரியாது என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். தெரியாத பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கையில் கையை அசைக்காமல் நிற்பதுதான் அங்கே நல்ல பிள்ளையின் அடையாளம். திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வெளியூர்க்காரர் முன்னால் குழந்தையை நிறுத்தி 'மாமாவுக்கு வணக்கம் சொல்லு' என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு இந்த உறைநிலை புதிதல்ல.

கண்ணாடிக்கே பழக்கமில்லை என்பதுதான் காரணமா என்றால் அப்படியும் சொல்வதற்கில்லை. நெகேவ் பாலைவனத்தில் கண்ணாடியே இல்லாமல் கூடாரங்களில் வாழ்ந்த பெதூயின் நாடோடிக் குழந்தைகளை 1986-இல் பிரியேல், டெ ஷோனன் என்ற இருவர் சோதித்தார்கள். கண்ணாடியோடு வளர்ந்த குழந்தைகளுக்கும் இவர்களுக்கும் அந்தத் திறன் வருவதில் பெரிய வேறுபாடு இல்லை.

ஆக, கண்ணாடியில் தன்னைக் காண்பது ஒரு மைல்கல் என்றால், அதற்கு முந்திய பாதை எங்கே ஓடுகிறது? உடம்பில். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தையின் கன்னத்தைப் பிறர் விரல் தொட்டால், முலை தேடுவதுபோல் வாயைத் திருப்பும். அதே கன்னத்தை அதன் கையே தொட்டால் அவ்வளவாகத் திரும்புவதில்லை. ரோஷாவும் சூசன் ஹெஸ்போஸும் 1997-இல் அளந்தபோது, பிறர் தொடுகைக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் திரும்பியது. தன்னைத் தானே தொடும்போது கையும் உணர்கிறது, கன்னமும் உணர்கிறது. பிறர் தொட்டால் கன்னம் மட்டும். இந்த இரட்டை உணர்வுதான் 'நான்' என்பதன் அடித்தளம். பேச்சும் இல்லை, எண்ணமும் இல்லை. ஆனாலும் தன் உடம்புக்கும் உலகுக்கும் நடுவே ஒரு கோடு விழுந்துவிட்டது.

ஐந்து மாதத்தில் அந்தக் கோடு கண்ணுக்கும் எட்டுகிறது. 1985-இல் லோரெய்ன் பாரிக்கும் ஜான் வாட்சனும் குழந்தைகளுக்கு இரண்டு திரைகளைக் காட்டினார்கள். ஒன்றில் அந்தக் குழந்தையின் கால்களே அப்போதே உதைப்பது தெரியும். மற்றதில் இன்னொரு குழந்தையின் கால்களோ, தன் கால்கள் முன்பு உதைத்ததோ தெரியும். ஐந்து மாதக் குழந்தைகள் தம் அசைவோடு ஒத்துப்போகாத திரையையே அதிகம் பார்த்தார்கள். ஒத்துப்போவது தன்னுடையது, தெரிந்தது, அதில் புதுமை இல்லை. தூளியில் கிடந்து உதைக்கிற குழந்தையின் கொலுசு சப்தம் செய்கிற வேலையும் இதுதான். தான் உதைத்தால் ஒலிக்கிறது, நிறுத்தினால் நிற்கிறது. பக்கத்துத் திண்ணையில் இன்னொருவரின் கொலுசு ஒலித்தால் அது தன் காலுக்குக் கட்டுப்படுவதில்லை. கொலுசு கட்டுகிற பெரியவர்கள் குழந்தை எங்கே தவழ்கிறது என்று அறியத்தான் கட்டுகிறார்கள். குழந்தைக்கு அதில் வேறு ஆதாயம் கிடைக்கிறது.

பாட்டி இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் குப்புறக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, கைகால்களைக் குறுக்கே மடக்கி இழுத்துக் குளிப்பாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மூக்கை நீவினால் எடுப்பாக வளரும் என்பதற்கு ஆதாரமில்லை. காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதை இன்று குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள், நியாயமான எச்சரிக்கை. ஆனால் முகமும் மார்பும் முதுகும் உள்ளங்காலும் நாள்தோறும் ஒரே வரிசையில் தொடப்படுவதை உளவியல் கண்ணோடு பார்த்தால் உதறிவிட முடியாது. 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் லீசா சின், ஜெஃப்ரி லாக்மன் ஆகியோரின் குழு, குழந்தைகளின் முகத்தில் அதிரும் சிறு பொருளை ஒட்டி, அதைத் தேடித் தொடுவதற்கு வாய்ப்பளித்தது. அந்தப் பழக்கம் பெற்ற குழந்தைகள், பெறாதவர்களைவிடச் சுமார் இரண்டு மாதம் முன்னதாகக் கண்ணாடிச் சோதனையில் தேறினார்கள். தன் முகத்தில் எந்த இடம் எங்கே இருக்கிறது என்று கை அறிந்திருப்பது கண்ணாடிக்கு முந்திய பாடம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது. எண்ணெய்க்குளியல் தன்னுணர்வை விரைவுபடுத்தும் என்று இதிலிருந்து யாரும் விளம்பரம் எழுதிவிட வேண்டாம். தேடித் தொட்டது குழந்தையின் கை. பாட்டி தேய்ப்பதில் குழந்தையின் கைக்கு வேலை குறைவு. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஆளுக்கொரு வாய் ஊட்டி, விரல்களை நண்டுபோல் கைமேல் ஊரவிட்டு அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டு இதற்கு இன்னும் நெருக்கம். நண்டு முழங்கையைத் தாண்டும்போதே குழந்தை அக்குளை இறுக்கி மூடிக்கொள்கிறது. தன் உடம்பின் வரைபடம் அதற்குக் கிடைத்துவிட்டது.

உடம்பின் அளவும் எடையும் தெரிவது வேறு கதை, அது தாமதமாகவே வருகிறது. ஒன்றரை வயதுப் பிள்ளை பொம்மைக் காருக்குள் காலை நுழைக்கப் பார்க்கும், பொம்மை நாற்காலியில் உட்காரப் போய் உருளும். ஜூடி டெலோச் குழுவினர் 2004-இல் இந்தப் 'அளவுப் பிழைகளை' ஆராய்ந்து வெளியிட்டபோது, பெற்றோர் பலரும் வீட்டில் கண்டு சிரித்ததுதான் அது என்று தெரிந்தது. இன்னொரு சோதனையில், தள்ளுவண்டியின் பின்புறம் ஒரு விரிப்பைத் தைத்துவிடுகிறார்கள். வண்டியைத் தள்ளக் குழந்தை அந்த விரிப்பின்மேல்தான் நிற்க வேண்டும். வண்டி நகராது. தடையாக இருப்பது தன் உடம்பே என்று புரிந்தவர் இறங்கித் தள்ளுவார். நெல் காயவைத்த பாயின் நடுவே நின்றுகொண்டே அதன் ஓரத்தைப் பிடித்து இழுக்கிற பிள்ளையை அறுவடைக் காலத்தில் எந்தக் களத்திலும் காணலாம்.

தள்ளுவண்டிச் சோதனையை நான் விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2017-இல் ஜோசபின் ராஸும் குழுவினரும் ஸ்காட்லாந்து, துருக்கி, சாம்பியா ஆகிய மூன்று நாட்டுக் குழந்தைகளிடம் கண்ணாடிச் சோதனையையும் இந்த 'உடம்பே தடை' சோதனையையும் சேர்த்து நடத்தினார்கள். கண்ணாடியில் ஸ்காட்லாந்துக் குழந்தைகள் முந்தினார்கள். உடம்பே தடை என்று உணர்வதில் சாம்பியக் குழந்தைகள் முந்தினார்கள். எந்தச் சோதனையை எடுத்துக்கொள்கிறோமோ அதற்கேற்ப யார் 'முன்னேறியவர்' என்பது மாறிவிடுகிறது. அம்மா முதுகில் கட்டிக்கொண்டு வேலை செய்யும் ஊரில், சொல்பேச்சுக் கேட்டு நகரவும் ஒதுங்கவும் பழகும் பிள்ளைக்குத் தன் உடம்பு பிறர் வழியில் நிற்பது சீக்கிரம் புரிகிறது. முகத்துக்கு முகம் பார்த்து, பொம்மையைக் காட்டி, 'உனக்கு என்ன வேண்டும்' என்று கேட்டு வளர்க்கும் ஊரில் தன் முகம் சீக்கிரம் புரிகிறது.

ஹைடி கெல்லர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதே கருத்தைச் சில ஆண்டுகள் முன்பே, 2004-இல், நிறுவியிருந்தார். கேமரூனின் என்ஸோ விவசாயக் குடும்பங்கள், கோஸ்டாரிகா குடும்பங்கள், ஏதென்ஸ் நகரக் குடும்பங்கள் என மூன்று இடங்களில், மூன்று மாதக் குழந்தையோடு அம்மா விளையாடும் விதத்தையும் ஒன்றரை வயதுக்கு மேல் அதே குழந்தை நடந்துகொள்ளும் விதத்தையும் ஒப்பிட்டார். உடலோடு அணைத்து வளர்க்கப்பட்ட என்ஸோ குழந்தைகள் சொன்னதைக் கேட்டு அடங்குவதில் முந்தினார்கள். ஏதென்ஸ் குழந்தைகள் கண்ணாடியில். பிறகு யோஷா கார்ட்னர், டெல்லியின் நந்திதா சௌத்ரி உள்ளிட்டோர் 2012-இல் இந்தியாவையும் சேர்த்தார்கள். ஜெர்மன் நகரம், இந்திய நகரம், இந்தியக் கிராமம், என்ஸோ கிராமம் என நான்கு களங்கள். கண்ணாடியில் முந்தியவர்கள் இரு நாடுகளின் நகர நடுத்தரக் குடும்பத்துக் குழந்தைகள். கிராமத்துக் குழந்தைகளுக்கு அது சற்றுப் பிந்தி வந்தது.

எனவே 'இந்தியக் குழந்தை', 'தமிழ்க் குழந்தை' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதில் பொருளில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலைக் குடியிருப்பில் தனிக்குடித்தனம் நடத்தும் ஆசிரியைக்கும், அங்கிருந்து சிறிது தூரத்தில் குறுவை நடவுக்குப் போகும் தாய்க்கும், நாகப்பட்டினத்து மீனவக் குப்பத்து அம்மாவுக்கும் பிள்ளை வளர்ப்பு ஒன்றல்ல. ஆசிரியை பிள்ளையைப் படப்புத்தகத்தோடு எதிரே உட்கார்த்தி வைக்கிறார். நடவுக்குப் போகிறவர் பிள்ளையை மரக்கிளையில் கட்டிய தூளியிலும் அக்காவின் இடுப்பிலும் விட்டுப் போகிறார். இரண்டாமவர் வீட்டில் பிள்ளை ஒரு நாளில் ஏழெட்டுக் கைகள் மாறும். அவருடைய குழந்தை 20 மாதத்தில் பீரோக் கண்ணாடி முன் பேந்த விழித்தால் அதை வளர்ச்சிக் குறை என்று பதிவது அறிவியலுக்கே செய்யும் பிழை. அதே வேளையில், கூட்டத்தில் வளர்வதே உயர்ந்தது, தனிக்குடும்பத்துப் பிள்ளை தன்னலமாய்ப் போகும் என்று தொலைக்காட்சிப் பட்டிமன்றப் பாணியில் பேசுவதற்கும் இந்த ஆய்வுகளில் இடமில்லை. நாளடைவில் இரு வீட்டுப் பிள்ளைகளும் இரண்டையும் பெற்றுவிடுகிறார்கள். எது முதலில் என்பதில்தான் மாற்றம்.

தன்னுணர்வு கண்ணாடியைத் தாண்டி வெளியே தெரிவது மூன்று இடங்களில்: நாணத்தில், உடைமையில், பேச்சில். இவை மூன்றும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் சேர்ந்து வருவதால்தான் இரண்டு வயது பெற்றோருக்கு அவ்வளவு சோதனையாக இருக்கிறது.

நாணத்தைப் பற்றி மைக்கேல் லூயிஸ் 1989-இல் செய்த ஆய்வு தெளிவானது. தெரியாதவரைக் கண்டு பயப்படுவதற்கும் கண்ணாடியில் தன்னை அறிவதற்கும் தொடர்பில்லை. எல்லோரும் பார்க்கையில் முகம் சிவந்து, சிரித்து, கண்ணைத் தாழ்த்தி, அம்மாவின் புடவைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும் வெட்கத்துக்கு மட்டும் தொடர்புண்டு. வெட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கண்ணாடிச் சோதனையில் தேறியவர்கள். போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் வாசுதேவி ரெட்டி இதை ஏற்கவில்லை. இரண்டு மூன்று மாதக் குழந்தைகூடச் சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக் கையைத் தூக்கி மறைக்கிறது, பிறர் பார்வை தன்மேல் விழுவதை அது அப்போதே உணர்கிறது என்பது அவருடைய வாதம். என் சாய்வு ரெட்டியின் பக்கம். கல்யாண வீட்டில் மடிக்கு மடி மாறும் கைக்குழந்தையை ஒருமுறை கவனித்தவர்கள், பார்வைக்குப் பதில் சொல்லத் தெரியாத வெற்று உடம்பாக அதை நினைக்க மாட்டார்கள். ஒன்றரை வயதில் வருவது அந்த உணர்வின் இன்னொரு படி: பார்க்கிறவர் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்ற நினைப்பு. அழகாகச் செய்தேனா, தப்பாகச் செய்தேனா என்று அளந்து வெட்கப்படுவதும் பெருமைப்படுவதும் மூன்று வயதை ஒட்டித்தான்.

உடைமை இன்னும் சத்தமாக வருகிறது. இரண்டு வயதுச் சிறுவர்களை இரண்டிரண்டு பேராக விளையாடவிட்டு 1983-இல் லாரா லெவைன் கவனித்தார். தன்னை அறிவதில் முன்னேறியிருந்த பிள்ளைகளே 'என்னுடையது' என்று பொம்மைகளை அதிகம் உரிமை கொண்டாடினார்கள். அது சண்டைக் குணம் என்பதைவிட, தனக்கும் பிறருக்கும் வரப்பு போடும் முயற்சி என்று அவர் கண்டார். இங்கே அங்கன்வாடிக்குப் பிள்ளைகள் வருவது இரண்டு வயது கடந்த இந்தக் கட்டத்தில்தான். ஒரே மரக்குதிரைக்கு நான்கு உரிமையாளர்கள். 'பகிர்ந்துகொள்' என்று பிடுங்கி மற்றவரிடம் கொடுப்பது, அப்போதுதான் வரப்பு போட்ட வயலில் ஏரை ஓட்டுவதற்குச் சமம். முதலில் 'இது உன்னுடையதுதான்' என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு முறை வைத்து விளையாடச் சொல்லும் பணியாளர்களே கூடுதல் வெற்றி காண்கிறார்கள். தன்னுடையது என்பது உறுதியான பிறகுதான் கொடுப்பதற்குப் பொருள் வருகிறது. மற்றொரு பிள்ளை அழுதால் தன் பொம்மையை நீட்டி ஆறுதல் செய்வதும் கண்ணாடியில் தன்னை அறியும் அதே காலத்தில் வருகிறது என்று டோரிஸ் பிஷோஃப்-கோலர் காட்டியிருக்கிறார். பிடுங்குவதும் கொடுப்பதும் ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன.

நம் பக்கத்து மாமன்களும் சித்தப்பாக்களும் இந்தப் பருவத்தில் தவறாமல் எடுக்கும் ஆயுதம் ஒன்று உண்டு: 'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்.' நெல்லும் தவிடும் புழங்கும் மண்ணில் பிறந்த கேலி. இரண்டரை வயதுப் பிள்ளை இதைக் கேட்டு முதலில் சிரிக்கும், பிறகு அம்மா முகத்தைப் பார்க்கும், அம்மாவும் சிரித்தால் அழும். தான் யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி பொருள்படுகிற அளவுக்குத் தன்னுணர்வு வந்துவிட்டதாலேயே அது வலிக்கிறது; பத்து மாதக் குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள், அசையாது. ஓரளவு கேலி பிள்ளைக்குத் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறது என்பார்கள். அழுத பிறகும் தொடர்வதில் கற்றுக்கொடுக்க எதுவுமில்லை.

பேச்சில் குழந்தை முதலில் தன்னைப் பெயராலேயே குறிக்கிறது. 'பாப்பாவுக்கு வேண்டும்' என்கிறது. பெரியவர்களும் அதனிடம் 'அம்மா வருகிறேன்', 'தாத்தாவுக்கு ஒரு முத்தம்' என்று தம்மைப் படர்க்கையாக்கியே பேசுகிறார்கள். இந்த நிலையில் 'நான்' என்பது கற்கக் கடினமான சொல். யார் பேசுகிறாரோ அவரிடம் அது தாவிவிடுகிறது. அப்பா சொன்னால் அப்பா, பாப்பா சொன்னால் பாப்பா. சிலர் கொஞ்சகாலம் தம்மையே 'நீ' என்றும் குறிப்பார்கள். அது தானாகச் சரியாகும். 'நான்', 'எனக்கு' போன்று தன்னைக் குறிக்கும் சொற்களும், இல்லாததை இருப்பதாகப் பாவித்து விளையாடுவதும், கண்ணாடியில் தன்னை அறிவதும் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தே வளர்கின்றன என்பதை லூயிஸும் டக்ளஸ் ராம்சேயும் 2004-இல் பதிந்தார்கள். மூளையில் பொட்டுமடலும் சுவர்மடலும் சேரும் பகுதியின் முதிர்ச்சியோடு இதை இணைத்தும் ஆய்வுகள் உள்ளன.

பிள்ளைத்தமிழ் பருவங்களை மூன்றாம் மாதத்தில் தொடங்கி இருபத்தோராம் மாதத்தில் முடிக்கும் பாட்டியல் மரபு இங்கே நினைவுக்கு வருகிறது. முதல் பருவங்களில் குழந்தைக்காகப் பிறர் வேண்டுகிறார்கள், ஆடச் சொல்கிறார்கள், தாலாட்டுகிறார்கள். கடைசிப் பருவங்களில் அதே பிள்ளை பிறர் கட்டிய சிற்றிலை, அதாவது மணல் வீட்டை, மிதித்துச் சிதைக்கிறான். கட்டியவர்கள் 'வேண்டாம்' என்று கெஞ்சுகிறார்கள். அதைப் பாடியவர்களுக்குக் கண்ணாடிச் சோதனை தெரியாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

காலத்தில் நீளும் 'நான்' கடைசியில் வருகிறது. கண்ணாடி அந்தக் கணத்தை மட்டும் காட்டும். நேற்று இருந்ததும் இன்று இருப்பதும் ஒரே ஆள் என்பது வேறு அறிவு. கண்ணாடியில் தேறிய பிள்ளை, நேரலைக் காணொளியில் தன்னை அறிய ஏறத்தாழ இன்னும் ஓராண்டு எடுக்கிறது என்று தாமஸ் சுடெண்டார்ஃப் குழு 2007-இல் கண்டது. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் அப்பாவோடு கைப்பேசியில் பேசும் இரண்டு வயதுப் பிள்ளை, மூலைக் கட்டத்தில் தெரியும் தன் முகத்தை 'யாரோ பாப்பா' என்று சொன்னால் கவலைப்பட எதுவுமில்லை.

காணொளியைச் சில நிமிடம் தாமதித்துக் காட்டினால் இன்னும் கடினம். 1996-இல் டேனியல் பொவினெல்லி குழுவினர், விளையாட்டின் நடுவே பிள்ளைகளின் தலையில் தெரியாமல் ஒட்டுத்தாள் ஒட்டி, மூன்று நிமிடம் கழித்து அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். நான்கு வயதினரில் பெரும்பாலோர் உடனே தலையைத் தடவி எடுத்தார்கள். மூன்று வயதினரில் பெரும்பாலோர் எடுக்கவில்லை. ஒரு சிறுமி, திரையில் இருப்பது யார் என்று கேட்டதற்குத் தன் பெயரையே சரியாகச் சொன்னாள். தலையில் ஒட்டுத்தாள் இருப்பதையும் சொன்னாள். பிறகு கேட்டாள்: 'ஆனால் அவள் ஏன் என் சட்டையைப் போட்டிருக்கிறாள்?'

வைத்தீஸ்வரன் கோயிலிலோ சுவாமிமலையிலோ மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளையைக் கண்ணாடி முன் நிறுத்துகிற குடும்பங்கள், தம்மை அறியாமல் இந்தக் கேள்வியைத்தான் கேட்கின்றன. தோற்றம் திடீரென மாறினால் பிள்ளைக்குத் தன்னைத் தெரியுமா? மார்க் நீல்சன் குழுவினர் 2006-இல் இதற்கு இணையான ஒன்றைச் செய்தார்கள். பிள்ளை பார்க்காதபடி அதன் கால்களுக்குப் புதுக் காற்சட்டையைப் போட்டுவிட்டு, அதன்மேல் ஒட்டுத்தாள் ஒட்டிக் கண்ணாடியில் காட்டினார்கள். பெரும்பாலோர் தொடவில்லை. அரை நிமிடம் அந்தக் காற்சட்டையை நேரில் பார்க்கவிட்ட பிறகு கண்ணாடியைக் காட்டினால் தொட்டார்கள். தன்னைப் பற்றிப் பிள்ளை வைத்திருக்கும் படம் உறைந்துபோன ஒன்றல்ல, விரைவாகத் திருத்தி எழுதப்படுவது. மொட்டைத் தலையைத் தானே தடவிப் பார்த்த பிள்ளைக்குக் கண்ணாடி அவ்வளவு அதிர்ச்சி தருவதில்லை.

ஆனால் அந்த மொட்டையோ, தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திய வலியோ பின்னாளில் நினைவிருப்பதில்லை. மார்க் ஹோவும் மேரி கரேஜும் 1993-இல் முன்வைத்த விளக்கம்: 18 முதல் 24 மாதத்துக்குள் 'நான்' என்ற ஒரு மையம் உருவான பிறகுதான், நடந்தவை 'எனக்கு நடந்தவை'யாகத் தொகுக்கப்படுகின்றன. அதற்கு முந்தியவற்றுக்குக் கட்டிவைக்கக் கொம்பு இல்லை. கொம்பு வந்த பிறகும் எவ்வளவு தங்கும் என்பது வீட்டில் பழையதை எப்படிப் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. நியூசிலாந்தில் 2000-இல் பெரியவர்களிடம் அவர்களது முதல் நினைவைக் கேட்டபோது, ஐரோப்பிய வழியினர் சராசரியாக மூன்றரை வயது நிகழ்வைச் சொன்னார்கள். ஆசிய வழியினருக்கு அது ஐந்து வயதை நெருங்கியது. குடும்பக் கதைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லும் வழக்கமுள்ள மாவோரி மக்களுக்கு இரண்டு வயது எட்டு மாதத்தை ஒட்டி இருந்தது. 'அப்புறம் என்ன நடந்தது, நீ என்ன செய்தாய், யாரெல்லாம் வந்தார்கள்' என்று பிள்ளையையே சொல்லவைத்துப் பேசும் வீடுகளில் நினைவுகள் செழுமையாகத் தங்குகின்றன என்பதை ராபின் ஃபைவுஷ், எலெய்ன் ரீஸ் ஆகியோரின் ஆய்வுகளும் சொல்கின்றன. 'காது குத்தும்போது நீ மாமா சட்டையைக் கடித்துவிட்டாய்' என்று தாத்தா மட்டும் சொல்லி முடித்துவிடுவதற்கும், 'அப்போது மாமா என்ன சட்டை போட்டிருந்தார்?' என்று பிள்ளையைக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.